ஸ்டாண்டர்டு ஹெரால்டை ஆலை நிலைக்குத் திருப்புவது: எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி: என் தந்தையார் 1965-இல் வாங்கிய இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், மதுரையில் வீட்டுக் கொட்டகையில் பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. ஆலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த நிலைக்கே அதைக் கொண்டுவர விரும்புகிறேன். ஒரு பட்டறைக்காரர் முழுவதையும் பிரித்து, இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் இன்றைய டூ-பேக் பெயிண்ட் அடித்து, வேறு எஞ்சின் வைத்து, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். இது சரியான வழியா? உதிரிபாகங்களை இங்கிலாந்திலிருந்து வரவழைக்க வேண்டுமா? எஞ்சினை இப்போதே ஓட்டிப் பார்க்கலாமா?

பதில்: பட்டறைக்காரர் சொல்வது மோசமான வேலை அல்ல, ஆனால் நீங்கள் கேட்கும் வேலை அது இல்லை. அவர் தரப்போவது ஹெரால்டின் உடலைப் போர்த்திய வேறொரு கார். அன்றாடம் ஓட்டுவதற்கு அதுதான் வசதி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆலை நிலை என்று கேட்பவர் மட்டும், வண்டியை இன்றைய அளவுகோலில் மேம்படுத்தும் ஆசையை முதலிலேயே விட்டுவிட வேண்டும். ஆலையிலிருந்து வந்த நாளில் அந்தக் காரில் என்னென்ன குறைகள் இருந்தனவோ அவையும் ஆலை நிலையைச் சேர்ந்தவையே என்பதை ஏற்றுக்கொண்டால்தான் இந்த வேலையில் எடுக்க வேண்டிய முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தி வரும்.

ஹெரால்டில் இது ஏன் குறிப்பாக முக்கியம் என்பதற்கு அதன் பிறப்பிலேயே காரணம் இருக்கிறது. 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு அறிமுகமானபோது, மற்ற நிறுவனங்கள் சேஸும் (அடிச்சட்டகம்) பாடியும் ஒன்றான அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்துக்குப் பாடி செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953-இல் போட்டியாளரான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டதால், முழு உடலையும் ஒரே இடத்தில் அடித்துத் தர ஆளில்லாமல் போயிற்று. எனவே தனிச் சேஸ் ஒன்றின்மேல், பல இடங்களில் செய்த பகுதிகளைப் போல்ட் போட்டு இணைக்கும்படி காரை வடிவமைத்தார்கள். இத்தாலியரான ஜியோவன்னி மிகெலோட்டி அதற்கு உருவம் தந்தார். மேற்கூரை தனி, பின்பகுதி தனி, முன்மட்காடுகளோடு சேர்ந்து முன்னோக்கித் திறக்கும் பானெட் தனி. இந்த அமைப்பு, பாகங்களாகக் கப்பலில் அனுப்பி வேறு நாடுகளில் பூட்டுவதற்கும் ஏற்றதாக இருந்தது. சென்னைக்கு அருகே பெருங்களத்தூர்-வண்டலூர்ப் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் ஹெரால்டை வெளியிட்டது இப்படித்தான். (25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் காரை மயிலாப்பூர்த் தெருக்களில் ஓட்டியவர்கள் இன்றும் அதை மறக்காமல் பேசுவார்கள்.)

போல்ட் போட்டு இணைத்த உடல் என்பதால் கதவு, பானெட், டிக்கி ஆகியவற்றின் இடைவெளிகள் புதுக் காரிலேயே சீராக இருந்ததில்லை. இங்கிலாந்தில் செய்த வண்டிகளிலும் அப்படித்தான். இன்று ஒரு கைதேர்ந்த டிங்கர், பட்டி வைத்து இழைத்து, எல்லா இடைவெளிகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட முடியும். பார்ப்பவர்கள் பாராட்டவும் செய்வார்கள். ஆனால் அப்படியொரு ஹெரால்டு எந்த ஆலையிலிருந்தும் வெளிவந்ததில்லை. கதவு உரசாமல் மூடி, மழைநீர் புகாமல் இருக்கிறதா என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உதிரிபாகக் கேள்விக்கு இங்கேயே விடை சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் ஹெரால்டு வேகமாக மாறிக்கொண்டே போனது: 1961-இல் 1147 சிசி எஞ்சினோடு ஹெரால்டு 1200, பின்னர் 1296 சிசி எஞ்சினோடு 13/60. நம் நாட்டில் மட்டும் 948 சிசி எஞ்சினே கடைசிவரை தொடர்ந்தது. 1968 வாக்கில் வந்த மார்க் 3 என்ற நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் கிடையவே கிடையாது. ஆகவே அங்கே ‘ஹெரால்டு உதிரி’ என்று விற்பதில் கணிசமான பகுதி உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. பொருந்தினாலும் சரியான ஆண்டினுடையதாக இராது. முன் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், ரப்பர் புஷ்கள் போன்றவற்றை அங்கிருந்து வரவழைப்பதில் பயன் உண்டு. பிஸ்டன், கார்புரேட்டர் பாகம், உள் அலங்காரம், விளக்குகள் ஆகியவற்றைப் பழைய பாகத்தை அருகில் வைத்து அளந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் பழைய கடைக்காரர்களிடம் பெட்டி பிரிக்காத ஸ்டாண்டர்டு உதிரிகள் எப்போதாவது தட்டுப்படும். அவர்களிடம் மாடல் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிடப் பாகத்தைக் கையில் கொண்டுபோய்க் காட்டுவதே பலன் தரும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தொடக்கத்தில் பெரும்பாலும் இறக்குமதிப் பாகங்களால் பூட்டப்பட்ட ஹெரால்டு, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் படிப்படியாக உள்நாட்டுப் பாகங்களுக்கு மாறியது. அதே காலத்தில்தான் சென்னையைச் சுற்றி லூகாஸ்-டிவிஎஸ் 1961-இலும், பிரேக்ஸ் இந்தியா 1962-இலும் தொடங்கப்பட்டன. எனவே உங்கள் 1965 வண்டியில் ஒரு பாகத்தில் இங்கிலாந்து முத்திரையும் பக்கத்திலுள்ள இன்னொன்றில் இந்திய முத்திரையும் இருந்தால், பின்னாளில் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள். ‘இங்கிலாந்துப் பாகம்தான் அசல்’ என்ற எண்ணத்தில் இந்திய முத்திரையுள்ள டைனமோவைக் கழற்றி எறிந்துவிட்டு வெளிநாட்டிலிருந்து ஒன்றை வாங்கி மாட்டுவது, அசலை அழித்து நகலை வைக்கும் வேலை. ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும் என்று இதைச் செய்பவர்கள் உண்டு. உங்கள் நோக்கம் அதுவல்ல என்றே நினைக்கிறேன்.

ஆகவே ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்பாக வண்டியைப் படிக்க வேண்டும். இந்த ஒரு பகுதியை மட்டும் எந்தப் பட்டறைக்கும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு பகுதியையும் தூரத்திலிருந்தும் நெருக்கத்திலிருந்தும் படமெடுங்கள். ஒயர்கள் எந்த வழியாகப் போகின்றன, கிளிப்புகள் எங்கே இருக்கின்றன, எந்தப் போல்டுக்கு அடியில் எத்தனை வாஷர் என்பதெல்லாம் படத்தில் தெரிய வேண்டும். சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். தந்தையாரின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள், சர்வீஸ் ரசீதுகள், ஓட்டுநர் கையேடு எதுவாக இருந்தாலும் தேடி எடுங்கள். பம்பர், வீல் கப், பின்விளக்கு ஆகியவற்றின் வடிவத்தைத் தீர்மானிக்க ஒரு கல்யாணப் படம் போதுமானதாக இருக்கலாம். தற்போது மாட்டியிருப்பதையும் முதலில் இருந்திருக்கக்கூடியதையும் தனித்தனிப் பத்திகளில் எழுதி வையுங்கள். ஐயம் தீராத இடத்தைக் காலியாகவே விடலாம். வேலை நடக்கும்போது வண்டியே பல கேள்விகளுக்கு விடை சொல்லும்.

நிறத்தைக் கண்டுபிடிப்பது இப்படித்தான். டாஷ்போர்டுக்குப் பின்னால், கதவின் உட்பலகைக்கு அடியில், ரப்பர் பீடிங்குக்குக் கீழே, டிக்கியில் பெட்ரோல் டேங்கைக் கழற்றினால் தெரியும் தகட்டில் எல்லாம் பிற்காலப் பெயிண்டர்கள் பெரும்பாலும் கைவைத்திருக்க மாட்டார்கள். வெளிப்புறத்தில் ஓர் ஓரமாக நுண்ணிய தண்ணீர்த் தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) வட்டமாகத் தேய்த்தால், பூச்சு அடுக்குகள் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல வரிசையாகத் தெரியும். பிரைமருக்கு அடுத்து வெளியே இருப்பதே ஆலையின் நிறம். வெயில் படாத இடத்தில் எடுத்த மாதிரியைக் கொண்டுதான் நிறம் கலக்கச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெளிப்புறப் பூச்சு அறுபது ஆண்டுகளில் வெளுத்தோ மஞ்சளித்தோ போயிருக்கும். ஆர்.சி.யில் பதிவாகியுள்ள நிறம் வேறாக இருந்தால் அதையும் முறைப்படி திருத்த வேண்டியிருக்கும்.

அந்தக் காலத்துப் பூச்சில் நிறத்தின்மேல் தனியாகக் கிளியர் கோட் (நிறமற்ற மேற்பூச்சு) அடிக்கும் வழக்கம் இல்லை. பளபளப்பு முழுவதும் நிறப்பூச்சிலிருந்தே வந்தது. அதனால் சற்றே மென்மையான, ஆழமில்லாத ஒளி. கிளியரோடு கூடிய டூ-பேக் பூச்சு கண்ணாடி போல ஜொலிக்கும், நீண்ட காலம் உழைக்கும், ஆனால் 1965-இன் காராகத் தெரியாது. கிளியர் இல்லாத ஒற்றை நிறப்பூச்சை அடித்துக் கையால் மெருகேற்றும்படி பெயிண்டரிடம் எழுத்துமூலமாகவே சொல்லுங்கள். பானெட்டின் அடிப்பக்கமும் டிக்கியின் உட்புறமும் வெளிப்புறத்தைப் போல மின்ன வேண்டியதில்லை. ஆலையில் அங்கெல்லாம் யாரும் மெருகு போடவில்லை. உள்மடிப்பு ஒன்றில் அசல் பூச்சு கையளவு நன்றாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுவதுதான் என் பழக்கம். இன்னொரு நாள் யாராவது நிறத்தைச் சரிபார்க்க விரும்பினால் அதைத் தவிர வேறு சான்று இருக்காது.

செலவில் பெரும்பகுதி தகட்டு வேலைக்கே போகும். ஹெரால்டில் துரு முதலில் தாக்குவது சேஸின் நடுக்கட்டைகளிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளையும், பின்பக்கம் டிஃபரென்ஷியலைச் சுற்றியுள்ள பகுதியையும், டிக்கித் தரையையும்தான். அடிப்பக்கத்தில் கறுப்புத் தார்ப்பூச்சு கனமாக இருந்தால் அதை நம்பாதீர்கள். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு மந்தமாக ஒலிக்கும். பாடியைச் சேஸிலிருந்து தூக்குவது இந்தக் காரில் எளிது என்பதாலேயே தேவையின்றித் தூக்கிவிடுகிறார்கள். சேஸ் உறுதியாக இருந்தால் தூக்காமலே பெரும்பாலான வேலையை முடித்துவிடலாம். தூக்கியே ஆக வேண்டுமென்றால், கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பற்றிய பிறகே தூக்க வேண்டும், இல்லாவிட்டால் பாடி முறுக்கிக்கொள்ளும். பாடிக்கும் சேஸுக்கும் இடையே ஒவ்வொரு போல்டிலும் இருக்கும் ரப்பர், உலோகப் பட்டைகளின் எண்ணிக்கையும் கனமும் இடத்துக்கு இடம் மாறும். கதவு சரியாக மூடுவதை அவைதான் தீர்மானிக்கின்றன. எந்த இடத்தில் எது இருந்தது என்று சீட்டுக் கட்டி வைக்காமல் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்ட பட்டறை, பிறகு மாதக்கணக்கில் கதவோடு மல்லுக்கட்டும். துளை விழுந்த இடத்தில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, அதே கனமுள்ள தகட்டை ஒட்டவையுங்கள். புதுப் பலகை கிடைக்கிறது என்பதற்காக நல்ல பழைய பலகையைக் கழிக்க வேண்டாம். இது என் தனிப்பட்ட பிடிவாதம் மட்டுமல்ல: பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும், தேவையான அளவுக்கு மட்டுமே தலையிட வேண்டும், செய்த மாற்றங்களைப் பதிவுசெய்ய வேண்டும் என்றுதான் சொல்கிறது.

நட்டு போல்டுகளைப் பற்றி ஒரு சொல். ஹெரால்டில் இருப்பவை அங்குல அளவு கொண்ட யூனிஃபைடு மரை. மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்துத் திருகினால் தலைகள் உருண்டுவிடும். மரையின் அளவு மாறிய போல்டை அடித்துப் புகுத்தினால் பாகத்தின் மரையே போய்விடும். அங்குல ஸ்பேனர் செட் இல்லாத பட்டறையில் வண்டியைப் பிரிக்க விடாதீர்கள். பழைய போல்டுகளைச் சுத்தம் செய்து துத்தநாகப் பூச்சுக் கொடுத்தால் பெரும்பாலானவற்றைத் திரும்பப் பயன்படுத்தலாம்.

எஞ்சின் எளிமையானது: 63 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 76 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), மூன்று மெயின் பேரிங். லேத் பட்டறையில் சிலிண்டரை அளந்து, தேய்மானம் வரம்புக்குள் இருந்தால் ரிங் மட்டும் மாற்றினால் போதும். பார்த்தவுடன் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கச் சொல்லாதீர்கள், ஒவ்வொரு முறையும் பிளாக்கின் ஆயுள் குறைகிறது. இந்தக் குடும்ப எஞ்சின்களுக்கே உரிய ஒரு பலவீனத்தைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்னாலுள்ள கிராங்க் புல்லியைக் கவனிக்கட்டும். அது முன்னும் பின்னும் அசைவது கண்ணுக்கே தெரிந்தால், கிராங்கை முன்பின் நகராமல் தடுக்கும் திரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். 0.2 மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருந்தால் அவை கழன்று விழும் அபாயம் உண்டு, விழுந்தால் கிராங்கும் பிளாக்கும் சேர்ந்தே கெடும். அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி மாற்றக்கூடிய மலிவான பாகத்துக்காக எஞ்சினையே இழக்க வேண்டியதில்லை.

முன் சஸ்பென்ஷனில், சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்டப் ஆக்ஸில் தாங்கி, பித்தளை டிரன்னியன் என்ற அடிமூட்டுக்குள் மரையில் திரும்புகிறது. அதற்கு இட வேண்டியது கிரீஸ் அல்ல, ஈ.பி. 90 கியர் ஆயில். நம் ஊரில் கிரீஸ் கன் வைத்து அடித்தே பழக்கப்பட்டுவிட்டதால், ஆயில் போகாமல் மரை துருப்பிடித்து, ஓடும்போதே முறிந்து சக்கரம் மடிந்த வண்டிகள் பல. நீண்ட நாள் நின்ற வண்டியில் இரு பக்கமும் கழற்றி மரையின் கழுத்தைப் பார்க்காமல் சாலைக்குக் கொண்டுவரக் கூடாது. பின்பக்கம் குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங்கும், ஆடும் ஆக்ஸில்களும். வேகமாக வளையும்போது பின்சக்கரம் உள்ளே மடங்கும் குணம் அதற்கு உண்டு. நம் மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் அதே நிறுவனம் வெளியிட்ட ஸ்டாண்டர்டு கெஸலில் ஒரே தண்டாக அமைந்த பின் ஆக்ஸில் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சில பழைய ஹெரால்டுகளில் பின்னாளில் ஆக்ஸிலை மாற்றியிருப்பார்கள். உங்களுடையதில் எது இருக்கிறது என்று குனிந்து பார்த்துவிடுங்கள். 1965-க்கு ஆடும் ஆக்ஸில்தான் சரி, அதற்கேற்ற நிதானத்தோடு ஓட்டினால் அது எந்தத் தொல்லையும் தராது.

ஒயரிங்கில் லூகாஸ் நிறமுறை இருக்கும்: பேட்டரியிலிருந்து வருவது பழுப்பு, இக்னிஷன் வெள்ளை, ஃப்யூஸ் கடந்தது பச்சை, ஹெட்லைட் நீலம், பார்க்கிங் சிவப்பு, எர்த் கறுப்பு. பழைய ஒயர்த் தொகுதியையே அச்சாக வைத்து, அதே நிறங்களில் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள். ஒரே சிவப்பு ஒயரை எங்கும் இழுப்பவரிடம் கொடுக்காதீர்கள். பேட்டரியின் எந்த முனை எர்த் ஆகியிருக்கிறது என்பதைக் கழற்றும் முன் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகளில் நேர்முனையை எர்த் செய்யும் வழக்கம் பரவலாக இருந்தது. அது தெரியாமல் பேட்டரியை மாற்றி இணைத்தால் டைனமோவும், அதைப் பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் கட்-அவுட்டும் கெடும்.

இவ்வளவு கறாராகப் பேசினாலும், சில இடங்களில் நானே விட்டுக்கொடுப்பேன். ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-இல் நின்றுபோனது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகள் (வால்வு அமரும் இடங்கள்) ஈயத்தின் பாதுகாப்பை நம்பியிருந்தவை. எப்படியும் ஹெட்டைக் கழற்றுவதால் கடினச் சீட்டுகளைப் பதித்துவிடுங்கள், வெளியே தெரியப்போவதில்லை. இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்; பழைய ரப்பர் குழாய்களையும் பம்பின் டயஃப்ரத்தையும் அது தின்றுவிடும். எத்தனாலைத் தாங்கும் ரப்பரில் இவற்றை மாற்றுவது தீ விபத்துக்கு எதிரான காப்பு என்பதால் இதில் அசலைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான் இந்த வண்டியின் அசல். வீல் சிலிண்டர்களுக்கு உள்ளே ஸ்லீவ் (புது உலோகக் குழல்) போட்டு, எல்லா ரப்பர்களையும் ஹோஸ்களையும் புதிதாக்கி, லைனிங்கைச் சரியாகப் பதித்தால் இந்த எடைக்கும் வேகத்துக்கும் போதுமானது. டிஸ்க் வேண்டாம். டயர் ஆலையில் 5.20-13 குறுக்கிழை டயராக இருந்தது. 13 அங்குல ரேடியல் போட்டு ஓட்டலாம், என்றாவது பழைய வகை கிடைத்தால் மாற்றிக்கொள்ளத் தடையில்லை. திரும்ப மாற்றிவிடக்கூடிய எதுவும் பெரிய குற்றமல்ல; வெட்டுவதும், வெல்டிங் வைத்து மாற்றுவதும், அசல் எஞ்சினைக் கழித்துவிடுவதும்தான் திரும்ப முடியாதவை.

குஷன் வேலைக்குத் தோல் போடாதீர்கள். இருக்கையின் அடிப்பக்கத்தில் பழைய ரெக்சின் துண்டு கிடைத்தால் அதன் மேற்பரப்பின் வரி வடிவத்தையும் தையல் இடைவெளியையும் பார்த்து அதேபோலத் தைக்கச் சொல்லுங்கள்.

எஞ்சினை மாற்ற வேண்டாம் என்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. முதல் பதிவுக்குப் பின் 50 ஆண்டு கடந்த வாகனங்களை விண்டேஜ் வாகனமாகப் பதிவுசெய்ய 2021-இல் மத்திய அரசு விதிகளைக் கொண்டுவந்தது. பதிவு எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். சேஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. உங்கள் 1965 வண்டிக்கு வயதுத் தகுதி இருக்கிறது. பட்டறைக்காரரின் யோசனையை ஏற்றால் மற்றத் தகுதி போய்விடும். அந்தப் பதிவில் அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்ட முடியாது என்பதையும் கணக்கில் வைத்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்த பிறகு முடிவெடுங்கள்.

கடைசியாக, எஞ்சினை இப்போதே ஓட்டலாமா என்றால், ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். பழைய பெட்ரோலை டேங்கிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் முழுக்க வடித்துவிடுங்கள். அது பிசினாகி எல்லாவற்றையும் அடைத்திருக்கும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் மெல்லிய ஆயில் ஊற்றிச் சில நாள் ஊறவிடுங்கள். ராக்கர் மூடியைத் திறந்து, வால்வுகள் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்து எதுவும் சிக்கியிருக்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள். சிக்கிய வால்வோடு சுற்றினால் புஷ் ராடு வளையும். பிறகு நியூட்ரலில், புல்லி நட்டில் ஸ்பேனர் வைத்துக் கையாலேயே மெதுவாகச் சுற்ற வேண்டும். அசையாவிட்டால் பலத்தைக் காட்டாமல் மறுபடி ஆயில் விட்டுக் காத்திருங்கள். தடையின்றி இரண்டு சுற்று வந்த பின் சம்ப்பில் புது ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சுழற்றி ஆயில் எச்சரிக்கை விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். அது அணைந்தால் பிளக்கை மாட்டி, தனிப் புட்டியிலிருந்து புதுப் பெட்ரோல் கொடுத்து ஓட்டலாம். அணையாவிட்டால் காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை எஞ்சினை ஓட்டக் கூடாது.